செங்கொடியை எதிர்க்கும் செங்கொடி: இலங்கையின் முன்னிலை சோசலிசக் கட்சி யார், என்ன கேட்கிறது?

கொழும்பில் ஆட்சி நடத்துவது மார்க்சியத்தில் பிறந்த ஒரு கட்சி. அந்த ஆட்சியை எதிர்த்து அதே கொழும்பு வீதிகளில் செங்கொடியோடு ஊர்வலம் போகிறவர்களும் மார்க்சியர்கள்தான். ஆட்சியில் இருப்பவர்கள் சர்வதேச நாணய நிதியத்தின் சொற்படி நடக்கிறார்கள் என்பது ஊர்வலக்காரர்களின் குற்றச்சாட்டு. நாட்டின் நிலைமை புரியாமல் பேசுகிறார்கள் என்று ஆட்சித் தரப்பு பதில் சொல்கிறது. செய்திகளில் 'முன்னிலை சோசலிசக் கட்சி', 'பெரட்டுகாமி', 'மக்கள் போராட்டக் கூட்டணி', 'அந்தரே' என்று பெயர்கள் மாறிமாறி வருவதால், இவர்கள் எல்லாரும் ஜே.வி.பி.யின் கிளைகளா, எதிரிகளா என்ற குழப்பம் பலருக்கு இருக்கிறது.

தேர்தலில் ஒரு சதவீத வாக்கைக்கூட எட்டாத கட்சி இது. ஆனாலும் இதைப் புரிந்துகொள்ளாமல், 2022இல் ஜனாதிபதி கோட்டாபயவை நாட்டை விட்டே ஓட வைத்த மக்கள் எழுச்சியையும் புரிந்துகொள்ள முடியாது, இன்றைய ஜே.வி.பி. எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது என்பதையும் அளக்க முடியாது.

முதலில் பெயர்கள்

1. மக்கள் விடுதலை முன்னணி: சிங்களத்தில் ஜனதா விமுக்தி பெரமுன, சுருக்கமாக ஜே.வி.பி. 1965இல் ரோகண விஜேவீர தொடங்கியது. இன்றைய தலைவர் அநுர குமார திசாநாயக்க.

2. தேசிய மக்கள் சக்தி: 2019இல் ஜே.வி.பி. முன்னின்று உருவாக்கிய பரந்த கூட்டணி. இந்தப் பெயரில்தான் அநுர குமார 2024 செப்டம்பரில் ஜனாதிபதியானார். அந்த ஆண்டு நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் 225 இடங்களில் 159ஐ இந்தக் கூட்டணி பிடித்தது.

3. முன்னிலை சோசலிசக் கட்சி: 2012இல் ஜே.வி.பி.யிலிருந்து உடைந்து வந்தவர்களின் கட்சி. சிங்களத்தில் 'பெரட்டுகாமி சமாஜவாதி பக்‌ஷய'. முக்கியத் தலைவர் குமார் குணரட்ணம். செய்தியாளர் முன் அடிக்கடி பேசுகிறவர்கள் புபுது ஜயகொட, துமிந்த நாகமுவ.

4. மக்கள் போராட்டக் கூட்டணி: 2022 எழுச்சியில் நின்ற சில செயற்பாட்டாளர்களும் முன்னிலை சோசலிசக் கட்சியும் சேர்ந்து 2024 தேர்தலுக்கு அமைத்த அணி. ஜனாதிபதி வேட்பாளராக வழக்கறிஞர் நுவன் போபகே நின்றார்.

5. அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம்: சிங்களத்தில் 'அந்தரே'. பல்கலைக்கழக மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பு. சட்டப்படி இது எந்தக் கட்சியின் கிளையும் அல்ல. ஆனால் 2012 பிளவுக்குப் பிறகு இதன் தலைமையில் முன்னிலை சோசலிசக் கட்சியின் செல்வாக்கே மேலோங்கியிருந்தது.

இந்த ஐந்தில் முதல் இரண்டும் ஆட்சி. மற்ற மூன்றும் இடது பக்கத்திலிருந்து அந்த ஆட்சியை எதிர்ப்பவை.

'தீவிர இடது' என்றால் என்ன?

இடதுசாரிகள் எல்லாரும் ஏற்றத்தாழ்வு குறைய வேண்டும் என்பார்கள். அதை எப்படிக் குறைப்பது என்பதில்தான் பிரிவு. தேர்தலில் வென்று, சட்டம் இயற்றி, வரி போட்டு, படிப்படியாக நிலைமையைச் சீராக்கலாம் என்பது ஒரு பாதை. மார்க்சிய வழக்கில் இதற்குச் சீர்திருத்தவாதம் என்று பெயர். அரசு இயந்திரமே, அதாவது படை, நீதிமன்றம், அதிகாரிகள், மத்திய வங்கி எல்லாமே, சொத்துள்ள வர்க்கத்தைக் காப்பதற்காகக் கட்டப்பட்டது, யார் வந்து உட்கார்ந்தாலும் அது அவர்களைத் தன் போக்குக்கு வளைத்துவிடும், ஆகவே உழைக்கும் மக்கள் தங்களுக்கென்று வேறு அதிகார அமைப்புகளைக் கட்ட வேண்டும் என்பது இன்னொரு பாதை. இந்த இரண்டாவது பாதையில் நிற்பவர்களைத்தான் தீவிர இடது என்கிறோம். ஆயுதம் ஏந்துவது இதற்குக் கட்டாயமான அடையாளம் அல்ல. முன்னிலை சோசலிசக் கட்சி தன் வரலாறு முழுக்க வெளிப்படையாக, ஆயுதமில்லாமல் இயங்கும் கட்சிதான்.

இலங்கையில் இந்தப் பிரிவு திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 1935இல் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி, ரஷ்யப் புரட்சியாளர் ட்ரொட்ஸ்கியைப் பின்பற்றிய கட்சிகளில் உலகிலேயே மக்கள் ஆதரவு அதிகம் பெற்ற ஒன்றாக இருந்தது. 1964இல் அது சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் சேர்ந்தது. என்.எம். பெரேரா நிதி அமைச்சரானார். நான்காம் அகிலம் என்னும் உலக ட்ரொட்ஸ்கிய அமைப்பு அந்தக் கட்சியை வெளியேற்றியது. பழைய இடதுசாரிகள் அமைச்சர் நாற்காலிக்காகப் புரட்சியைக் கைவிட்டார்கள் என்ற கோபத்தோடுதான் அடுத்த ஆண்டே ஜே.வி.பி. பிறந்தது. 2012இல் அதே குற்றச்சாட்டு ஜே.வி.பி.யின் மீதே திரும்பியது. ஒரு தலைமுறையின் கலகக் கட்சி அடுத்த தலைமுறைக்கு 'பழைய இடது' ஆகிவிடுகிறது. முன்னிலை சோசலிசக் கட்சியைப் படிக்கும்போது இந்தச் சங்கிலியை மறக்கக் கூடாது. அதன் கொள்கைகளில் பாதி, ஜே.வி.பி. செய்ததற்கும் செய்யாததற்கும் எழுதப்பட்ட மறுப்புகள்.

ஜே.வி.பி.யின் சுமை

விஜேவீர மொஸ்கோவில் லுமும்பா பல்கலைக்கழகத்தில் படித்தவர். திரும்பி வந்து, என். சண்முகதாசன் என்ற தமிழர் தலைமையேற்றிருந்த சீன சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியில் சில காலம் இருந்தார். அங்கிருந்து விலகித் தனியே இளைஞர்களைத் திரட்டினார். வேலையில்லாத, சிங்களவழிக் கல்வி கற்ற கிராமத்து இளைஞர்கள்தான் அவருடைய முதல் கூட்டம். அவர்களுக்கு ஐந்து வகுப்புகள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றியது. மலையகத் தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவின் விரிவாக்கத்துக்கு உதவும் கூட்டமாக அந்த வகுப்பு காட்டியது. நாட்டிலேயே அதிகம் சுரண்டப்பட்ட தொழிலாளி வர்க்கத்தை, தொழிலாளர் புரட்சி பேசிய கட்சி அந்நிய ஆபத்தாகப் பார்த்தது. இந்த ஒரு விஷயமே ஜே.வி.பி.யின் மார்க்சியத்தில் சிங்களத் தேசியவாதம் எவ்வளவு ஆழமாகக் கலந்திருந்தது என்பதைச் சொல்லிவிடும்.

1971 ஏப்ரல் கிளர்ச்சி சில வாரங்களில் நசுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். 1982 ஜனாதிபதித் தேர்தலில் விஜேவீர சுமார் 4 சதவீத வாக்கு வாங்கினார். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பழியை இடதுசாரிகள் மீது போட்ட ஜே.ஆர். ஜயவர்தன அரசு கட்சியைத் தடை செய்தது. 1987இல் இந்திய-இலங்கை ஒப்பந்தமும் மாகாண சபைகளும் வந்தபோது ஜே.வி.பி. இரண்டாவது முறை ஆயுதம் எடுத்தது. இந்த முறை அதன் துப்பாக்கிகள் மற்ற இடதுசாரிகளையும் குறிவைத்தன. அரசின் பதிலடி அதைவிடப் பல மடங்கு கொடூரமாக இருந்தது. தெற்கில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள், காணாமலாக்கப்பட்டார்கள். 1989 நவம்பரில் விஜேவீர பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

தொண்ணூறுகளில் எஞ்சியவர்கள் கட்சியைத் தேர்தல் கட்சியாகத் திரும்பக் கட்டினார்கள். 2004இல் அப்போதைய ஜனாதிபதி சந்திரிகாவின் கூட்டணியில் நின்று 39 இடங்கள் பெற்றார்கள். அநுர குமார விவசாய அமைச்சரானார். வடக்கு கிழக்கில் சுனாமி நிவாரணத்துக்காகப் புலிகளோடு சேர்ந்து ஒரு பொதுக் கட்டமைப்பு அமைக்கப்பட்டபோது அதை எதிர்த்து 2005இல் அரசிலிருந்து வெளியேறினார்கள். அதே ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்‌ஷவை ஆதரித்தார்கள். 2006இல் வடக்கையும் கிழக்கையும் பிரித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் ஜே.வி.பி. தரப்பு போட்ட வழக்கில் வந்ததுதான். போரை முழுமூச்சாக ஆதரித்தார்கள். போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், அந்தப் போரை நடத்திய தளபதி சரத் பொன்சேகாவை ஜனாதிபதி வேட்பாளராக்கி ஆதரித்தார்கள்.

2012: உடைப்பு

கட்சிக்குள் இருந்த ஒரு பகுதியினருக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. அவர்களுடைய விமர்சனம் மூன்று தளங்களில் இருந்தது.

1. கூட்டணி அரசியல். சந்திரிகா, மகிந்த, பொன்சேகா என்று ஒருவர் பின் ஒருவராக முதலாளித்துவத் தலைவர்களை ஆதரித்ததில் கட்சி தன் சொந்த அரசியலை இழந்துவிட்டது.

2. தேசியவாதம். போரில் அரசின் பக்கம் நின்றது பெரும் தவறு. தமிழ் மக்கள் மீதான ஒடுக்குமுறையைக் கட்சி காணவே மறுத்தது.

3. கட்சிக்குள் ஜனநாயகம். எண்பதுகளின் கிளர்ச்சி பற்றி நேர்மையான சுயவிமர்சனம் ஒருபோதும் நடக்கவில்லை.

பிரிந்தவர்கள் முதலில் 'மக்கள் போராட்ட இயக்கம்' என்ற பெயரில் இயங்கினார்கள். அந்த இயக்கத்தின் லலித்குமார் வீரராஜ், குகன் முருகானந்தன் இருவரும் 2011 டிசம்பர் 9 அன்று யாழ்ப்பாணத்தில் காணாமலாக்கப்பட்டார்கள். மறுநாள் மனித உரிமை தினம். காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்களோடு சேர்ந்து அன்றைக்கு ஒரு நிகழ்வுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். இன்றுவரை அவர்களுக்கு என்ன ஆனது என்று குடும்பங்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆட்கொணர்வு வழக்கில் சாட்சி சொல்ல, அவர்கள் காணாமலானபோது பாதுகாப்புச் செயலராக இருந்த கோட்டாபய ராஜபக்‌ஷவுக்கு யாழ்ப்பாண நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பியபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி அங்கே வராமலிருக்க அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார்.

கட்சியின் தொடக்க மாநாடு 2012 ஏப்ரல் 9இல் நடக்க இருந்தது. அதற்கு இரண்டொரு நாள் முன்பு குமார் குணரட்ணமும் கட்சியின் இன்னொரு தலைவரான திமுது ஆட்டிகலவும் கடத்தப்பட்டார்கள். குணரட்ணம் கேகாலையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஜே.வி.பி.யில் வளர்ந்தவர். மாணவர் தலைவராக இருந்த அவருடைய அண்ணன் ரஞ்சிதன் எண்பதுகளின் இறுதியில் அரசின் அடக்குமுறையில் கொல்லப்பட்டவர். குணரட்ணம் உயிர் தப்ப வேறு பெயரில் ஆஸ்திரேலியா போய் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தார். கடத்தல் நடந்தபோது அந்தக் குடியுரிமைதான் அவரைக் காப்பாற்றியது. ஆஸ்திரேலியத் தூதரகம் தலையிட்டதும் அவர் வெளியே வந்தார், உடனே நாடு கடத்தப்பட்டார். பிறகு 2015இல் திரும்பி வந்து, விசா விதியை மீறினார் என்று ஓராண்டு சிறையில் இருந்தார். அதற்குப் பின்னரே இலங்கைக் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. பிறந்த மண்ணில் அரசியல் செய்ய ஒருவர் கொடுக்க வேண்டியிருந்த விலை இது.

கொள்கை: நான்கு வாதங்கள்

முதல் வாதம், பாராளுமன்றம் பற்றியது. தேர்தலில் நிற்பார்கள், பாராளுமன்றத்தில் இடம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார்கள். ஆனால் ஆட்சிக்கு வரும் வழி அதுதான் என்று நம்புவதில்லை. தேர்தல் என்பது மக்களிடம் பேசக் கிடைக்கும் மேடை. ஆகவே வாக்கு குறைந்தால் அந்தக் கட்சிக்குள் யாரும் கலங்கிப்போவதில்லை. வேறு எந்தக் கட்சியாக இருந்தாலும் இப்படிப்பட்ட முடிவுகளுக்குப் பிறகு கலைந்திருக்கும்.

இரண்டாவது, 'மக்கள் சபை'. 2022 ஜூலையில் போராட்டக்காரர்கள் வெளியிட்ட செயல்திட்டத்தில் இருந்த இந்தக் கோரிக்கையை முன்னிலை சோசலிசக் கட்சி தீவிரமாகத் தூக்கிப் பிடித்தது. பாராளுமன்றத்துக்கு வெளியே தொழிலாளர், விவசாயிகள், மாணவர், மீனவர் எல்லாரும் தங்கள் பிரதிநிதிகளை அனுப்பும் சபை. இதன் வேர் 1917 ரஷ்யாவில் இருக்கிறது. அங்கே இடைக்கால அரசாங்கம் ஒரு பக்கமும், 'சோவியத்' எனப்பட்ட தொழிலாளர், படைவீரர் சபைகள் மறுபக்கமும் சில மாதங்கள் எதிரெதிரே இயங்கின. அந்த நிலைமையை லெனின் இரட்டை அதிகாரம் என்றார். இலங்கையில் மக்கள் சபை வேண்டும் என்று கேட்பவர்கள் மனதில் இருப்பது இந்த மாதிரிதான். எதிரணி இதை 'பாராளுமன்றத்தைக் கவிழ்க்கும் சதி' என்று சொன்னதற்கும் காரணம் இதுதான். சபையை யார் தேர்ந்தெடுப்பது, அதன் முடிவை யார் நிறைவேற்றுவது என்ற கேள்விகளுக்குக் கட்சி தந்த பதில்கள் மக்களிடம் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. அரகலய எனப்பட்ட அந்த 2022 எழுச்சி ஓய்ந்தபோது இந்தக் கோரிக்கையும் சேர்ந்தே ஓய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது, கல்வியும் சுகாதாரமும் விற்பனைக்கு அல்ல என்பது. நவதாராளவாதம் என்று இவர்கள் எதிர்ப்பது 1977இல் ஜே.ஆர். திறந்துவிட்ட பொருளாதாரப் பாதையை: அரசு தன் பொறுப்பிலிருந்து விலகி, சந்தையிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது. மாலபேயில் இருந்த தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக மாணவர் ஒன்றியம் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டம் இந்த வாதத்தின் செயல்வடிவம். அரச மருத்துவர்களின் சங்கமும் அதே கோரிக்கையோடு களத்தில் நின்றது. கடைசியில் அந்தக் கல்லூரி மூடப்பட்டு, மாணவர்கள் வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார்கள். பாராளுமன்றத்தில் ஓர் இடமும் இல்லாமல் ஓர் அரசாங்கத்தின் கொள்கையைத் திருப்ப முடியும் என்பதற்கு இவர்கள் காட்டும் முதல் சான்று இதுதான்.

நான்காவது வாதம் சர்வதேச நாணய நிதியத்துக்கு எதிரானது. இன்றைய சண்டையின் மையமே இதுதான்.

நாணய நிதியம்: எதை எதிர்க்கிறார்கள்?

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 2023 மார்ச்சில் நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. நான்காண்டுத் திட்டம், தவணை தவணையாகப் பணம், ஒவ்வொரு தவணைக்கும் நிபந்தனைச் சோதனை.

நிபந்தனைகளில் முக்கியமானது முதன்மை மிகை. கடன் வட்டியைக் கணக்கில் சேர்க்காமல், அரசின் வருமானம் செலவைவிட எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்பதே அது. இலங்கைக்கு விதிக்கப்பட்ட இலக்கு, 2025 முதல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம். சரி, அந்தக் கூடுதல் பணம் எங்கிருந்து வரும்? வரியை ஏற்ற வேண்டும், அல்லது செலவை வெட்ட வேண்டும். வற் எனப்படும் மதிப்புக் கூட்டு வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. மின்கட்டணம் 2023 பெப்ரவரியில் ஒரே அடியாகச் சராசரி 66 சதவீதம் ஏறியது.

இதைவிடக் கசப்பான ஒன்று உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. அரசு உள்நாட்டில் வாங்கிய கடனிலும் ஒரு பகுதியைக் குறைந்த வட்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது. வங்கிகள் வைத்திருந்த ரூபாய்ப் பத்திரங்கள் தொடப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதி, அதாவது தனியார் துறைத் தொழிலாளி ஓய்வுக்காகச் சேர்த்த பணம் போடப்பட்டிருந்த பத்திரங்கள் மாற்றப்பட்டன. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணின் சேமிப்பு சுமையை ஏற்றது, வங்கிப் பங்குதாரர் தப்பினார். தீவிர இடதுசாரிகள் 'வர்க்கம்' என்று பேசும்போது அதைப் பழைய பாடம் என்று ஒதுக்குபவர்கள் இந்த ஒரு முடிவை மட்டும் உட்கார்ந்து படித்தால் போதும்.

2024 தேர்தலுக்கு முன் தேசிய மக்கள் சக்தி, நாடு எவ்வளவு கடனைத் தாங்கும் என்ற கடன் நிலைபேற்றுக் கணக்கை மீண்டும் பேசுவோம் என்றது. பதவிக்கு வந்ததும் முந்தைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க போட்டுவைத்த பாதையிலேயே தொடர்ந்தது. வெளிநாட்டுக் கடன்பத்திரக்காரர்களுடனான ஒப்பந்தத்தையும் 2024 டிசம்பரில் முடித்தது. முன்னிலை சோசலிசக் கட்சி சொல்வது இது: நாங்கள் 2012இல் சொன்னதுதான் நடந்திருக்கிறது, ஆட்கள் மாறினார்கள், பாதை மாறவில்லை.

ஆட்சித் தரப்பின் பதிலையும் நியாயமாகக் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தை முறித்தால் டொலர் வரத்து நிற்கும், எரிபொருளுக்கும் மருந்துக்கும் மறுபடி வரிசை வரும், அந்த வரிசையில் முதலில் நிற்பது ஏழைகள்தான் என்கிறார்கள். 2022இன் எரிவாயு வரிசைகளைக் கண்ட எவரும் இந்த வாதத்தை லேசாகத் தள்ள மாட்டார்கள். மக்களைக் கேட்காமல் வாங்கி, ஊழலில் கரைந்த கடனை மக்கள் ஏன் கட்ட வேண்டும் என்ற முன்னிலை சோசலிசக் கட்சியின் கேள்வி சரியான கேள்வி. ஆனால் கட்ட மறுத்த மறுநாள் எரிபொருள் கப்பலுக்கு யார் பணம் தருவார்கள் என்பதற்கு நம்பும்படியான பதிலை அவர்கள் இன்னும் வைக்கவில்லை. நோயைச் சரியாகச் சொல்கிறார்கள், மருந்துச் சீட்டு பாதியில் நிற்கிறது.

வாக்கு இவ்வளவு, குரல் அவ்வளவு: எப்படி?

2015, 2019 ஜனாதிபதித் தேர்தல்களில் துமிந்த நாகமுவ நின்றார். இரண்டு முறையும் 10,000 வாக்குகளுக்குள்ளேயே முடிந்தது. 2024இல் நுவன் போபகேவுக்குச் சுமார் 11,000. மொத்த வாக்கில் 0.1 சதவீதம்கூட இல்லை.

இலங்கையின் விகிதாசார முறையில் ஒரு மாவட்டத்தில் 5 சதவீத வாக்காவது இருந்தால்தான் அங்கே இடப் பங்கீட்டுக்குத் தகுதி. நாடு முழுக்கச் சிதறிய சிறிய கட்சிக்கு மிஞ்சும் ஒரே வழி 29 இடங்கள் கொண்ட தேசியப் பட்டியல். 2020இல் ஐக்கிய தேசியக் கட்சி 2 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாக வாங்கி அந்த வழியில் ஒரே ஓர் இடம் பெற்றது. அந்த ஓர் இடத்தில் உட்கார்ந்த ரணில் விக்கிரமசிங்க, தேர்தல் நடந்து இரண்டு ஆண்டில் ஜனாதிபதியானார். முன்னிலை சோசலிசக் கட்சி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை.

ஆனால் பல்கலைக்கழக விடுதிகளிலும் தொழிற்சங்கங்களிலும் முழுநேரமாக வேலை செய்யும் ஊழியர்கள் இவர்களிடம் இருக்கிறார்கள். தடியடியும் கண்ணீர்ப்புகையும் பழகிய கூட்டம். 2022 ஏப்ரல் 9இல் கொழும்பின் காலிமுகத்திடலில் திரண்ட மக்கள் பெரும்பாலும் எந்தக் கட்சியிலும் இல்லாதவர்கள். அவர்களுடைய கோபத்தை இந்தக் கட்சி உருவாக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் ஒரு வாரத்தில் ஆறிப்போகாமல் மூன்று மாதம் நின்றதில் பழகிய கைகளுக்குப் பங்கு உண்டு. பொலிஸ் தடுப்பை எங்கே உடைப்பது, கைதானால் யாரைக் கூப்பிடுவது, பிரதேசங்களிலிருந்து ஆட்களை எப்படிக் கொண்டுவருவது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் மாணவர் ஒன்றியத்துக்காரர்கள். அரசுக்கும் இது தெரிந்திருந்தது. கோட்டாபய போன பிறகு, ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகேயை 2022 ஆகஸ்டில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்தார்கள். அந்தச் சட்டக் குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 ஜனவரி கடைசியில்தான்.

எழுச்சியின் அறுவடை மட்டும் இவர்களுக்கு வரவில்லை. மாற்றம் வேண்டும் என்று விரும்பிய வாக்காளர், வெல்லக்கூடிய கட்சியைத் தேடினார். வெல்வதைக் குறிக்கோளாகவே வைக்காத கட்சியை அவர் ஏன் தேர்ந்தெடுப்பார்? 2019இல் 3 சதவீதம் வாங்கிய அநுர குமாரவுக்கு 2024இல் 42 சதவீதம் கிடைத்தது அப்படித்தான்.

தமிழர் கேள்வி: பாதி தூரம்

ஜே.வி.பி.யோடு ஒப்பிட்டால் இந்தக் கட்சி பெரிய தூரம் வந்திருக்கிறது. தமிழர் மீது இன ஒடுக்குமுறை நடந்தது, நடக்கிறது என்பதை ஏற்கிறது. போரை ஆதரித்தது தவறு என்கிறது. 'சம உரிமை இயக்கம்' என்ற அமைப்பின் வழியே அரசியல் கைதிகளின் விடுதலை, காணாமலாக்கப்பட்டோர், படையினர் பிடித்துவைத்த காணிகள் என்று தெற்கிலும் வடக்கிலும் பிரச்சாரம் செய்திருக்கிறது. தெற்கில் சிங்களத்தில் இவற்றைப் பேசுவதற்குத் துணிவு வேண்டும். லலித், குகன் இருவரும் அந்தத் துணிவுக்காகவே காணாமலாக்கப்பட்டார்கள். இதை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் தீர்வு என்ன என்று கேட்டால் கதை மாறுகிறது. பிரிவினையை ஏற்பதில்லை, சரி. மாகாண சபைகளையும் அதிகாரப் பகிர்வையும் கூடத் தீர்வாகக் காண்பதில்லை. முதலாளித்துவத்துக்குள் இனப்பிரச்சினை தீராது, எல்லா இன உழைப்பாளரும் சேர்ந்து சோசலிசத்துக்காகப் போராடும்போதுதான் சமத்துவம் வரும் என்பது அவர்கள் நிலைப்பாட்டின் சாரம்.

இதில் எனக்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு.

1. அரசு பற்றியும் பாராளுமன்றம் பற்றியும் லெனினை மேற்கோள் காட்டும் கட்சி, தேசிய இனங்களின் சுயநிர்ணய உரிமை பற்றி அவர் எழுதியதற்கு என்ன பதில் சொல்கிறது? ஒடுக்கும் இனத்தின் சோசலிஸ்டுகள், ஒடுக்கப்பட்ட இனத்துக்குப் பிரிந்துபோகும் உரிமை உண்டு என்று சொல்லத் தயாராக இருந்தால்தான் இரு இனத் தொழிலாளருக்கும் நடுவே நம்பிக்கை பிறக்கும் என்பது அவருடைய வாதம். அந்த உரிமையை ஏற்பது பிரிவினையை ஆதரிப்பது ஆகாது என்றும் அவரே விளக்கியிருக்கிறார். சுயநிர்ணய உரிமையின் அடிப்படையில் ஒன்றுபட்ட இலங்கைக்குள் சுயாட்சி என்று பேசுகிற மார்க்சியக் கட்சி தமிழர் மத்தியில் ஏற்கெனவே இருக்கிறது: சி.கா. செந்திவேல் தலைமையேற்ற புதிய ஜனநாயக மார்க்சிச லெனினிசக் கட்சி. ஆகவே இது மார்க்சியத்துக்கு வெளியிலிருந்து வைக்கப்படும் கோரிக்கை அல்ல.

2. புரட்சி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்ற வாக்குறுதியைத் தமிழர்கள் ஏற்கெனவே ஒருமுறை நம்பிப் பார்த்துவிட்டார்கள். 1956 தனிச் சிங்களச் சட்ட விவாதத்தில், ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு என்று எச்சரித்தவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. 1972இல் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக உறுதிப்படுத்தி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த அரசியலமைப்பை வரைந்ததும் அதே கொல்வின்தான். தனிமனிதர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே விஷயம் இல்லை. தெற்கின் வாக்கு வேண்டும் என்றானதும் இடதுசாரிக் கட்சிகளின் இனக்கொள்கைதான் முதலில் வளைகிறது. அதிகாரப் பகிர்வு போன்ற எழுத்தில் உள்ள உறுதியை முன்கூட்டியே கேட்கும் தமிழரை 'இனவாதி' என்று சொல்வது வரலாற்றை மறப்பதாகும்.

மறுபக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது. வடக்கின் தமிழ்க் கட்சிகள் சேமலாப நிதியைப் பற்றியோ, மின்கட்டணத்தைப் பற்றியோ, சாதி ஒடுக்குமுறையைப் பற்றியோ எத்தனை முறை வீதிக்கு வந்தன? அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்களில் ஒருவராகத்தான் மக்கள் போராட்டக் கூட்டணியின் சுவஸ்திகா அருலிங்கம் போன்ற தமிழ்த் தொழிற்சங்கச் செயற்பாட்டாளர்கள் கொழும்பில் பேசப்படுகிறார்கள். 2024 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்திலேயே தேசிய மக்கள் சக்தி 3 இடங்கள் பெற்றது. விலைவாசியும் வேலையும் தமிழருக்கும் அரசியல்தான் என்பதை வாக்காளர்களே காட்டிவிட்டார்கள்.

இனிமேல் எங்கே கவனிக்க வேண்டும்?

நாணய நிதியத்தின் நான்காண்டுத் திட்டம் 2027இல் முடிவதாகப் போடப்பட்டது. ஒத்திவைக்கப்பட்ட வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டும் சுமை 2028 முதல் ஏறத் தொடங்கும். அந்தப் பணத்தை ஏற்றுமதி வளர்ச்சியிலிருந்து அரசு ஈட்டிவிட்டால், முன்னிலை சோசலிசக் கட்சியின் எச்சரிக்கைகள் பல்கலைக்கழகச் சுவரொட்டிகளோடு நின்றுவிடும். அது நடக்காமல் மீண்டும் வரியும் கட்டணமும் ஏறினால், தெருவில் இறங்கத் தெரிந்த ஒரே இடதுசாரி எதிர்க்கட்சி இதுவாகவே இருக்கும். ஏனென்றால் பழைய எதிர்க்கட்சிகள் எல்லாமே அந்த ஒப்பந்தத்தை ஏதோ ஒரு விதத்தில் ஏற்றுக்கொண்டவை.

கவனிக்க வேண்டிய இன்னொரு இடம் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979இல் தமிழ் இளைஞர்களைக் குறிவைத்து வந்த சட்டம் அது. அதை நீக்குவோம் என்று தேர்தலில் சொன்ன கட்சிதான் இன்று ஆட்சியில் இருக்கிறது. அரசியல் கைதியின் தாய்க்கும், வசந்த முதலிகேயின் தோழர்களுக்கும் இந்த ஒரு கோரிக்கையில் வித்தியாசம் இல்லை. வடக்கின் குடும்பங்களும் தெற்கின் இந்தச் சிறிய கட்சியும் ஒரே பதாகையின் கீழ் நிற்க முடியுமா, நின்றால் சுயநிர்ணயம் பற்றிய அந்தப் பழைய வாக்குவாதம் எந்தப் பக்கம் நகரும் என்பது அங்கேதான் தெரியவரும்.